பூனை குசு விட்டால் வீடே நாறுகிறது: என்ன மருந்து வாங்கலாம்?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீடு. ஒன்றரை வயது ஆண் பூனை, நாலு கிலோ வரும், இன்னும் கருத்தடை செய்யவில்லை. காலையில் பால்மா கரைத்த பால், மத்தியானம் மீன்குழம்புச் சோறு, மீன் வாங்கும் நாளில் குடலும் தலையும். சில மாதமாகக் குசு தாங்க முடியவில்லை. மலம் கூழாகப் போகிறது, உள்ளே காலடி வைத்தாலே மணக்கிறது. பூனை மட்டும் உசாராக ஓடித் திரிகிறது.

மருந்து பிறகு. இந்தச் சாப்பாட்டில் எந்தப் பூனைக்கும் வயிறு நாறும். பூனை உசாராக இருப்பதால் ஆறுதலாக ஒவ்வொன்றாகச் சரிபார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. முதலில் செய்ய வேண்டியவற்றுக்குக் காசும் போகாது.

ஆனால் நாறுவது வயிறுதானா என்று முதலில் பாருங்கள். கொட்டாவி விடும்போது வாய் அழுகல் மணம் அடித்து, முரசும் சிவந்திருந்தால் அது பல்லில் உள்ள கோளாறு. திடீரென்று ஒரு வெடுக்கு மணம் வந்து, பூனை பின்பக்கத்தை நிலத்தில் தேய்த்தால், குதத்தின் இரண்டு பக்கமும் உள்ள சுரப்பிப் பை அடைத்திருக்கலாம். அதை வைத்தியர்தான் பிதுக்கி விட வேண்டும். சுவரிலும் கதவு நிலையிலும் காரமாக மணப்பது கருத்தடை செய்யாத கடுவன் பீச்சும் சிறுநீர், அதற்குச் சாப்பாட்டை மாற்றிப் பயனில்லை. பூனை படுத்திருந்து எழும்பிய இடத்தில் காற்று நாறினாலோ, மலம் போனவுடன் அறை முழுக்க மணந்தாலோதான் அது வயிறு. உங்கள் வீட்டில் இரண்டு கணக்கும் கலந்திருக்கக் கூடும், ஆகவே சுவரையும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

இனிப் பால். பூனை என்றால் பால் என்று எல்லா வீட்டிலும் ஒரு பழக்கம். குட்டி தாய்ப்பால் மறந்த பிறகு, பாலில் உள்ள லக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதியம் பெரும்பாலான பூனைகளில் குறைந்துவிடும். செரிக்காத லக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே பற்றீரியா அதைப் புளிக்க வைக்கிறது. காற்று உண்டாகிறது, குடலுக்குள் தண்ணீர் இழுபடுகிறது, மலம் கூழாகிறது. பசும்பாலில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 5 கிராம் லக்டோஸ் உண்டு. ஆட்டுப்பாலிலும் எருமைப்பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான், எனவே பாலை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. பால்மாவில் சிக்கல் இன்னும் கூட, ஏனென்றால் ஆளுக்கொரு விதமாகக் கரைப்பார்கள், கெட்டியாகக் கரைத்தால் லக்டோஸும் கெட்டிதான். தயிரில் ஒரு பங்கு லக்டோஸ் ஏற்கெனவே புளித்துப் போயிருப்பதால் ஒரு தேக்கரண்டி தயிரைப் பல பூனைகள் தாங்கும். ஆனால் அது மருந்து இல்லை, அவசியமும் இல்லை.

இன்றைக்கே பாலை முழுதாக நிறுத்துங்கள். பாதி தண்ணீர் கலந்து கொடுப்பது நிறுத்தியதாகாது. பால் மட்டும்தான் காரணம் என்றால் மூன்று நான்கு நாளில் மலம் கட்டிப்படத் தொடங்கும், ஒரு கிழமைக்குள் காற்றும் குறையும். வீட்டில் ஆச்சியோ பிள்ளைகளோ மறைவாக ஊற்றினால் இந்தச் சோதனை கெட்டுவிடும், எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பால் இல்லாவிட்டால் பூனை தண்ணீர் குடிக்காதே என்று கவலைப்பட்டால், மீன் அவித்த உப்பில்லாத தண்ணீரைத் தனிக் கோப்பையில் வையுங்கள்.

அடுத்தது மீன், உங்கள் விடயத்தில் எனக்குக் கூடுதல் சந்தேகம் இதில்தான். காரணம் ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்துவது முறை. ஆனால் பச்சைக் குடல் எப்படியும் நிற்க வேண்டிய சாமான், பாலோடு சேர்த்து அதையும் நிறுத்திவிடுங்கள். முல்லைத்தீவிலிருந்தோ நாயாற்றிலிருந்தோ விடிய ஏற்றிய மீன், மோட்டார் சைக்கிள் பெட்டியில் சந்தி சந்தியாக நின்று உங்கள் படலைக்கு வர வெயில் ஏறிவிடும். சதை நன்றாக இருந்தாலும் குடல் அதற்குள் பழுதாகத் தொடங்கியிருக்கும், முதலில் கெடுவது அதுதான். அதை வெட்டி, சொப்பிங் பையில் கட்டி வாழையடியில் வைத்து, மத்தியானம் பூனைக்குக் கொட்டினால் அதற்குள் இருப்பது பற்றீரியாக் கூழ். மூடின பையை அவிழ்க்கும்போது வரும் மணம்தான் பிறகு பூனையின் பின்பக்கத்தாலும் வருகிறது. புரதம் செரிக்காமல் பெருங்குடலில் அழுகும்போது அதிலுள்ள கந்தகம் ஐதரசன் சல்பைட்டாக வெளியேறும், கூழ்முட்டை மணம் அதனுடையது. புளித்த மணம் என்றால் பெரும்பாலும் பாலையோ சோற்றையோ சந்தேகியுங்கள், கூழ்முட்டை மணம் என்றால் மீனையும் இறைச்சிக் கழிவையும்.

சூரை, சூடை, கும்பிளா போன்ற மீன்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வெக்கையில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும், எவ்வளவு நேரம் அவித்தாலும் அது போகாது. ஆகவே பழுதான மீனை அவித்தால் சரி என்ற எண்ணம் பிழை. நல்ல மீனை மட்டும், அதையும் அவித்துத்தான் கொடுக்க வேண்டும். சில மீன்களின் பச்சைச் சதையிலும் குடலிலும் தயமினேஸ் என்ற நொதியம் இருக்கிறது, விற்றமின் பி1 ஐ அழித்துவிடும். நெடுநாள் பச்சை மீனே தின்னும் பூனை தலை கீழே தொங்க, தள்ளாடி நடப்பது அதனால்தான். அவித்தால் அந்த நொதியம் செயலிழந்துவிடும். சூரை, சூடை மாதிரி எண்ணெய் மீனை மட்டுமே நாள் முழுக்கக் கொடுப்பதும் கூடாது. விற்றமின் ஈ குறைந்து தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பு வீங்கி நோகும்.

குழம்பையும் நிறுத்துங்கள். மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் வயிற்றைக் குழப்பும், வெங்காயமும் உள்ளியும் அதைவிட மோசம்: பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையைக் கொண்டு வரும். சமைத்தாலும் தூளாக்கினாலும் அந்த நச்சு போகாது. குழம்புக்குத் தூள் போடும் முன் பூனையின் பங்கைப் புறம்பாக எடுத்துப் பத்து நிமிடம் வெறும் தண்ணீரில் அவியுங்கள். கருவாடும் உப்பு நெத்தலியும் வேண்டவே வேண்டாம்.

சோறு பாவம் இல்லை. நன்றாக வெந்த சோற்றைப் பூனை ஓரளவு செரிக்கும். ஆனால் ஒரு அகப்பை சோற்றில் மணத்துக்கு ஒரு துண்டு மீன் பிசைந்தால் பெரும்பகுதி மாப்பொருள், அதில் மீதி பெருங்குடலில் புளிக்கும். நிறையில் மூன்று பங்கு மீன் அல்லது கோழி, ஒரு பங்கு சோறு என்று திருப்பிப் போடுங்கள். நாலு கிலோப் பூனைக்கு நாளுக்கு 200 முதல் 240 கிலோகலோரி போதும். தோலில்லாத அவித்த கோழி நெஞ்சுச் சதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 165 கிலோகலோரி இருக்கிறது, கணக்கை அதிலிருந்து பிடிக்கலாம். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாமல் சோற்றிலேயே சேருங்கள். பூனைக்கு அவசியமான டோரின் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும். டோரின் குறைந்தால் கண் பார்வை போகும், இதயத்தசையும் தளரும், இதயத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1987இல் வெளிவந்தது. வீட்டுச் சாப்பாட்டில் டோரினையும் கல்சியத்தையும் சரிக்கட்டுவது கடினம். ஆகவே நாள் பங்கில் பாதியாவது பூனைக்கென்றே தயாரித்த முழு உணவாக இருந்தால் நல்லது. நாய்த்தீன் அதற்கு ஈடாகாது.

அந்த உலர் தீனிலும் நாற்றம் வரலாம். சாக்கைத் திறந்து வைத்துக் கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் தீன், வன்னி வெயிலில் கொழுப்பு காறிப் போயிருக்கும். மூக்கருகே பிடித்தால் பழைய எண்ணெய் மணக்கும். சிறிய மூடின பையாக வாங்கி, பையோடு மூடியுள்ள டப்பாவில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். மாற்றும்போது முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் அரைப் பங்கு, பிறகு முக்கால் என்று ஏழு முதல் பத்து நாள் எடுங்கள். ஒரேயடியாக மாற்றிவிட்டு, புதுத்தீனால்தான் வயிற்றால போகிறது என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். உலர் தீன் மட்டும் என்றால் இந்த நிறைக்கு நாளுக்கு ஏறத்தாழ 60 கிராம், தட்டு நிரம்ப வைத்துவிட்டுப் போவது அளவல்ல. ஈரச் சாப்பாட்டைச் சித்திரை வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள்.

ஒரு கிழமையில் மணம் பாதியாவது குறையவில்லையா? பூச்சியைப் பாருங்கள். வளவில் பல்லி, தவளை, எலி பிடிக்கும் பூனைக்குப் பூச்சி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம், அறுவடை நேரம் வயலெலி பிடிக்கும் பூனைக்குச் சொல்லவே வேண்டாம். குதத்தைச் சுற்றியும் படுக்கும் சாக்கிலும் அரிசிமணி மாதிரி வெள்ளையாக ஏதும் ஒட்டிக் காய்ந்திருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. சத்தியிலோ மலத்திலோ சில அங்குல நீளத்தில் வெள்ளையாகச் சுருண்டு கிடந்தால் உருண்டைப்புழு. ஒன்றும் தெரியவில்லை என்பதால் பூச்சி இல்லை என்றாகாது.

பைரண்டெல் மட்டும் உள்ள மருந்து உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் வெளியேற்றும், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிராசிகுவாண்டெல் வேண்டும். இரண்டும் சேர்ந்த பூனைக் குளிசையில் வழக்கமாக 20 மில்லிகிராம் பிராசிகுவாண்டெலும் 230 மில்லிகிராம் பைரண்டெல் எம்போனேட்டும் இருக்கும், ஒன்று நாலு கிலோ நிறைக்கு. நீங்கள் வாங்குவதன் உறையில் உள்ள அளவை வாசித்துக்கொள்ளுங்கள், கொம்பனிக்குக் கொம்பனி மாறும். நிறை பார்க்க, பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்தால் சரி. குளிசையை நாக்கின் பின்கோடியில், தொண்டையை ஒட்டி வைத்து வாயை மூடிப் பிடித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் மூன்று நான்கு மில்லிலீற்றர் தண்ணீரைக் கடைவாயால் மெதுவாக விடுங்கள். வறட்டுக் குளிசை தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு இன்னொரு முறை கொடுக்க வேண்டும், முதல் முறை தப்பிய குஞ்சுகள் அதற்குள் வளர்ந்திருக்கும். மருந்து கொடுத்து ஒன்றிரண்டு நாள் மலம் இளகலாம், அந்த நாட்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மனிதருக்கான பூச்சிக் குளிசையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். அல்பெண்டசோல் பூனையின் எலும்பு மச்சையைத் தாக்கக் கூடியது. நாடாப்புழு கண்டால் தெள்ளையும் சேர்த்து ஒழிக்க வேண்டும், ஏனென்றால் பூனையில் அதிகம் காணும் நாடாப்புழுவின் குஞ்சு தெள்ளுக்குள் வளர்கிறது, பூனை தன்னை நக்கும்போது தெள்ளை விழுங்கித் திரும்ப வாங்கிக்கொள்ளும். சாக்கையும் துணியையும் கொதிநீரில் போட்டு வெயிலில் காய விடுங்கள். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனையில் பூசினால் வலிப்பு வந்து சாகும்.

பாலும் நின்று, சாப்பாடும் திருந்தி, பூச்சி மருந்தும் கொடுத்த பிறகும் மலம் வெளிறி, கொழுப்பாக, கடும் நாற்றத்தோடு விட்டுவிட்டுப் போனால் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும். மாரியில் வெள்ளம் ஏறி, கிணற்றுக்குள்ளும் குட்டைக்குள்ளும் ஊத்தை கலக்கும் காலத்தில் இது பரவ வசதி கூட. சாதாரணப் பூச்சிக் குளிசைக்கு இது அசையாது. மலத்தைப் பரிசோதித்துத்தான் மருந்து. கிருமி ஒவ்வொரு நாளும் வெளிவராது என்பதால் ஒன்று விட்டு ஒரு நாளாக மூன்று மாதிரி எடுப்பது நல்லது. விரல் நுனியளவு புது மலம், சுத்தமான சிறு போத்தல், மணல் ஒட்டக்கூடாது, வெயில் படாமல் அன்றே சேர்ப்பிக்க வேண்டும்.

வைத்தியம் என்றால் உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகம்தான் முதல் இடம். அங்கே மாடும் ஆடும்தான் பெரும்பாலான வேலை, வைத்தியர் களத்துக்குக் கிளம்பிவிடலாம், ஆகவே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு காலையில் போங்கள். என்ன சாப்பாடு, எப்போது மாற்றினீர்கள், எந்தக் குளிசை எந்தத் திகதியில் என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போனால் பாதி நேரம் மிச்சம். போன கையோடு விசர்நாய்க்கடித் தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள், அது பூனைக்கும் தேவை. கருத்தடைக்கும் திகதி கேளுங்கள்.

இந்தப் படிமுறையெல்லாம் உசாரான வளர்ந்த பூனைக்கு மட்டும். மலத்தில் இரத்தம், தார்போன்ற கறுப்பு, திரும்பத் திரும்பச் சத்தி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு படுத்தல், நன்றாகத் தின்றும் மெலிதல், இவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டுச் சோதனையை விட்டுவிட்டு வைத்தியரிடம் போங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு வயிற்றால போனால் அன்றே போக வேண்டும். வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று பூனையைப் பட்டினி போடாதீர்கள், இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் கொழுத்ததுக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு வந்துவிடும். உங்களுடையது கடுவன் என்பதால் இன்னொன்று: அடிக்கடி குந்தி முக்கி, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தால் அல்லது வராவிட்டால் மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்காதீர்கள். சிறுநீர் வழி அடைத்திருக்கும், ஓரிரு நாளில் சாகும்.

கைமருந்துகள் பற்றியும் கேட்பார்கள். பூச்சிக்கு உள்ளி கொடுப்பது ஏன் கூடாதென்று மேலே இருக்கிறது. ஓமத்தண்ணீரும் வேண்டாம், ஓமத்தில் உள்ள தைமோல் போன்ற பொருட்களைப் பூனையின் ஈரல் லேசில் வெளியேற்றாது. பனடோல் துண்டுகூடப் படக்கூடாது, ஒரு 500 மில்லிகிராம் குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். உதவக்கூடியது ஒன்றுதான்: மலம் இளகியிருக்கும் நாட்களில் அவித்து மசித்த பூசணிக்காய், உப்பில்லாமல், ஒரு தேக்கரண்டி. மலம் தண்ணீராகவே போனால் மூன்று நாளைக்கு அவித்த கோழிச்சதை மட்டும், நாளுக்கு 130 கிராம் அளவில், நாலு நேரமாகப் பிரித்து. அவக்அவக்கென்று விழுங்கும் பூனைக்குத் தட்டின் நடுவில் விழுங்க முடியாத பெரிய கழுவின கல் ஒன்றை வைத்தால் மெதுவாகத் தின்னும், காற்று விழுங்குவதும் குறையும்.

கடைசியாக வீடு. மாரியில் பூனை வெளியே போகாமல் மூலைக்குள் இருந்துவிடும், அதற்கு ஒரு பேசின் வையுங்கள், பூனையின் உடம்பைவிட ஒன்றரை மடங்கு நீளம், உள்ளே ஏழு சென்ரிமீற்றர் மணல். மணல் சிறுநீரை உறிஞ்சாது, அடியில் தேங்கும், ஆகவே அடியில் இரண்டு விரல் தடிப்பில் தும்புத்தூள் பரப்பி மேலே மணல் போடுங்கள். அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்போ போடாதீர்கள். மணம் அடங்கும் என்றுதான் போடுவார்கள், ஆனால் காரம் கூடினால் சிறுநீரிலிருந்து அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும், ஈரச் சாம்பல் பாதத்தையும் அரிக்கும். மலத்தை நாளுக்கு இரண்டு தரம் அள்ளிக் கிணற்றுக்குத் தூரமாகக் கிடங்கில் புதையுங்கள். பூனை மலத்தில் வரக்கூடிய டொக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும் என்பதால் நாளாந்தம் அள்ளுவதே பாதுகாப்பு. கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

தரையில் போனதைத் துடைத்தெடுத்து, என்சைம் உள்ள சலவைத்தூளை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு இளஞ்சூட்டு நீரில் கரைத்துக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, காய்ந்த பிறகு அப்பச்சோடாவைத் தூவி அரை மணித்தியாலம் விட்டுக் கூட்டுங்கள். சிறுநீர் கிடக்கும் இடத்தில் நேரே குளோரின் ஊற்றினால் கண்ணெரியும் நச்சுவாயு வரும். டெட்டோல் மாதிரி பீனோல் வகைகளால் தரையைத் துடைத்தால், பூனை அதில் நடந்து பாதத்தை நக்கும், நச்சு உள்ளே போகும். வினாகிரி கேடில்லை, ஆனால் மினுக்கின சீமெந்துத் தரையில் அடிக்கடி ஊற்றினால் மினுக்கு போய் நிலம் சொரசொரப்பாகும், பிறகு சிறுநீர் இன்னும் ஆழமாக ஊறும்.